சனிக்கிழமை வாங்கின கேபினெட்

எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம். கூடுவாஞ்சேரியில மாடி போர்ஷன். நானு, வூட்டுக்காரர், மாமியார், மூணே பேர். வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்னு முடிவாச்சு. ஐ.டி. ஆபீஸ்ல வேலை பாக்குறவர் சும்மா இருப்பாரா? "ரெடிமேடா வாங்கினா தலையில மொளகா அரைச்சிடுவான். பார்ட்ஸ் பாத்து வாங்கி நாமளே மாட்டலாம்"னு லிஸ்ட் எழுதினாரு. பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, இதையெல்லாம் உள்ள வச்சு மூட ஒரு இரும்பு கேபினெட், அவரோட பாட்டையெல்லாம் ஏத்தி வைக்க ஒரு டிவிடி ரைட்டர். ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மானிட்டரும் கீபோர்டும் வூட்லயே இருந்துச்சு. கிராபிக்ஸ் கார்டு மட்டும் இல்ல. மதர்போர்டுலயே இருக்கிறது போதுமாம்.

கேம் ஆட அது போதாது. எனக்குத் தெரியும். கோவளத்துல எங்க வூட்டுக்கு எதிர்லயே பிரவுசிங் சென்டர். தம்பியும் நானும் அங்கயே பழியா கெடந்து கார் ரேஸ் ஆடினவங்க. உப்புக் காத்துல ரேம் கறுத்துப்போய் கம்ப்யூட்டர் நின்னா, பள்ளிக்கூட ரப்பரால தேச்சு மாட்டி ஓட வைக்கிறதே நான்தான். ஆனா இதைப் போய் எப்படிச் சொல்றது? கல்யாணம் கூடி வரணும்னு திருவிடந்தை பெருமாள் கோயில்ல மாலையை வாங்கிப் போட்டுக்கினு ஒம்பது சுத்து சுத்தினதுல அமைஞ்ச சம்பந்தம். "பொண்ணு நல்லா சமைக்கும், எம்பிராய்டரி போடும்"னு எங்கம்மா சொல்லி வச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டிக்கினு ராத்திரி பகல் தெரியாம உக்காந்திருக்கும்னு எந்த அம்மா சொல்லுவா? தெரிஞ்சா இந்த வூட்ல என்னை என்னா நினைப்பாங்களோன்னு பயம். வாயை மூடிக்கினு கூடப் போனேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் பார்ட்ஸ் கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்ல. எல்லாம் "சார், சார்"தான். மலிவா ஒரு மதர்போர்டை எடுத்துப் போட்டாரு. எட்டிப் பாத்தேன். கார்டு சொருகுற ஸ்லாட்டே இல்ல. வந்துச்சே எனக்குக் கோவம்!

"அண்ணே, நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும்னா எங்க சொருகுறது, உங்க தலையிலயா?"

கடைக்காரர் சிரிச்சிட்டாரு. வூட்டுக்காரர் சிரிக்கல. "உனக்கு எப்படித் தெரியும்?"னாரு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது? கடை வாசல்ல நின்னுக்கினே பிரவுசிங் சென்டர் கதை மொத்தத்தையும் கொட்டிட்டேன். அவரு பேனாவை எடுத்து லிஸ்ட்ல டிவிடி ரைட்டரை அடிச்சாரு. பக்கத்துல சாதா சிடி டிரைவ்னு எழுதினாரு. மிச்சமான காசுல ஸ்லாட் இருக்கிற மதர்போர்டும், சின்ன விசிறி வச்ச ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கினோம்.

எனக்கு சந்தோஷம் தாங்கல. ரயில்ல வரும்போது மட்டும் அவரு மெதுவா சொன்னாரு: "கேம் ஆடுறதுக்குன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம். கேபினெட்டுக்குள்ள மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" சுருக்குன்னுச்சு. ஆனாலும் சரின்னு தலையாட்டினேன்.

வூட்டு வாசல்லயே மாமியார் மறிச்சிட்டாங்க.

"இன்னிக்கு இன்னா கெழம? சனிக்கெழமயில எவனாவது இரும்பு வாங்கியாருவானா?"

ஐயோ! லீவு நாளைப் பாத்தோமே தவிர, கிழமையைப் பாக்கல. அவங்க கண்ணுல பட்ட இரும்பு அந்த கேபினெட்தான். அது மாடிப்படிக்குக் கீழயே நின்னுடுச்சு. மத்த டப்பாங்களைப் பையோட நைசா உள்ள கொண்டாந்துட்டோம்.

நாளைக்கு மாட்டிக்கலாம்னா அவருக்குப் பொறுக்கல. மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டி மேலயே வச்சு, எல்லாத்தையும் தரையில பரப்பி மாட்டினோம். விண்டோஸ் ஏறி, கார்டோட இலவசமா வந்த கார் ரேஸ் சிடியும் ஏறிடுச்சு. மறைக்கிறதுக்கு மூடி ஏது? கார்டு விசிறி எல்லாருக்கும் தெரியற மாதிரி விர்ர்ருன்னு சுத்திக்கினு இருந்துச்சு. மாமியார் வந்து குனிஞ்சு பாத்தாங்க.

"இது இன்னாடா, தனியா ஒரு விசிறி?"

"சூடாவாம இருக்கறதுக்கும்மா. ஆபீஸ் வேலைக்கு..."ன்னு இவரு இழுத்தாரு.

அவரு எனக்காகத்தான் பொய் சொல்றாருன்னு தெரியும். ஆனா வாழ்நாள் முழுக்க இந்த வூட்ல இப்படி ஒளிஞ்சிக்கினே இருக்கணுமா? "இல்ல அத்தை. கேம் ஆடுறதுக்கு. எனக்குத்தான்"னேன்.

அவங்க எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. திட்டு விழப்போவுதுன்னு நினைச்சேன். அவங்க முகம்தான் வாடிப்போச்சு.

"இதச் சொல்றதுக்கா நாலு மாசமா பயந்துக்கினு இருந்த? அப்படியாம்மா நான் நடந்துக்கினேன்?"

திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். நாலு மாசத்துல அவங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்ல. பயம் முழுக்க நானா வச்சுக்கினதுதான். அழுதுட்டேன். அவங்க என் பக்கத்துல தரையில உக்காந்து, முந்தானையால என் மூஞ்சியைத் துடைச்சு விட்டாங்க. "சரி, ஓட்டு. நானும் பாக்குறேன்"னாங்க.

கண்ணு கலங்கியிருந்ததால முதல் வளைவுலயே கார் செவுத்துல போய் மோதிச்சு.

"அடிப்பாவி, பிரேக்கைப் புடிடி!"ன்னு என் தோளைப் புடிச்சு உலுக்கினாங்க, வண்டிக்குள்ள கூடவே உக்காந்திருக்கிற மாதிரி.