கஞ்சி குடித்த செம்பு

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய என் கூட்டாளி, ஒரு மைக் செட்டோடு பக்கத்து ஊரான பாலவனத்தத்தில் வந்து இறங்கினான். நான் அருப்புக்கோட்டையில் தறி நெய்துகொண்டிருந்தவன். அந்த ஒலிபெருக்கிக் குழாயில் குரல் வந்ததைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை. பாதிச் சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டு அவனோடு கிளம்பிவிட்டேன்.

முதல் கல்யாணத்திலேயே மானம் போயிற்று. மைக்கைத் திறந்ததும் கொர்ரென்று ஒரே இரைச்சல். நாயனம் அதில் முங்கிப்போனது. "பொட்டிக்குள்ள வண்டு வளக்குறீகளாக்கும்?" என்று பெண்ணைப் பெற்றவர் கேட்க, பந்தலே சிரித்தது. செட்டைக் கட்டிக்கொண்டு வந்தோம்.

குற்றம் மைக் வயரில் என்றான் கூட்டாளி. பேட்டரியில் ஓடும் பெட்டியின் இரைச்சலையெல்லாம் அந்த நீள வயர் இழுத்துக்கொள்கிறதாம். வயரின் மேல் செம்புக் கம்பியால் ஒரு சட்டை பின்னி, அதன் நுனியைப் பெட்டித் தகட்டோடு ஈயத்தால் பற்றவைத்தால் இரைச்சல் அடங்கும். ஷீல்டு வயர் என்று பெயர். பட்டாளத்தில் சுருள் சுருளாகக் கிடந்ததாம். மதுரைக் கடைகளில் தேடியும் எங்களுக்கு ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை.

என் மனைவி ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றியபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கூட்டாளி சாட்சியாக இருக்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"நான் பின்னித் தாரேன். அதுக்கப்புறமும் இரைஞ்சுச்சுன்னா இவுக தறிக்குழியில எறங்கிரணும். இரையலைன்னா நானே எறங்கிக்கிறேன். நீங்களும் கேட்டுக்கோங்கண்ணே."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? நான் தறிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அரைகுறையாகப் பின்னிக் கொடுத்தாலே அது நிறைவேறிவிடும்.

அவள் அரைகுறையாக எதையும் செய்தவள் அல்ல. பழைய டைனமோவிலிருந்து உரித்த கம்பியை மேல்பூச்சு போகச் சுட்டுத் துடைத்துக் கொடுத்தோம். தறிக்குப் பாவு நூலைத் தெருவில் நீட்டுவதுபோல அதை நீட்டி, பாவுக்குச் செய்யும் பக்குவமெல்லாம் செய்து, பதினாறு தார்க்குச்சிகளில் சுற்றினாள். ரப்பர் வயரை நடுவில் தொங்கவிட்டு, குச்சிகளை மாற்றி மாற்றி வீசிப் பின்னினாள். நகம் நுழைய இடமில்லை. இப்போது நினைத்தாலும் அந்த விரல்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் வீட்டு வாசலில் செட்டைப் போட்டுப் பார்த்தால் அதே கொர். பற்றவைத்த ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது. ஈயத்தைத் திட்டினான் கூட்டாளி. எனக்குத் தறிக்குழி கண்ணில் தெரிந்தது.

அவள் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜெயித்திருப்பாள். நுனியை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அய்யய்யோ, கஞ்சிண்ணே!"

நூல் மாதிரி எது கையில் வந்தாலும் கஞ்சி போடுவது எங்கள் பழக்கம். செம்புக்கும் போட்டிருக்கிறாள். கஞ்சித் துணியால் நீவிவிட்டவனே நான்தான், எனக்கும் உறைக்கவில்லை. காய்ந்த கஞ்சி இழைக்கு இழை உறை போட்டிருக்க, ஈயம் எங்கே ஒட்டும்? கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அண்டாவில் வெந்நீர் வைத்து, வயரை முக்கி அலசி, நுனியைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தாள். இந்த முறை ஈயம் கப்பென்று பிடித்தது. மறுபடி போட்டுப் பார்க்க நேரமில்லை. நரிக்குடிப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தோம்.

மறுநாள் காலை கோயில் வாசலில் மைக்கைத் திறந்தேன். சத்தமே இல்லை. செட்டே செத்துவிட்டதோ என்று பதறி, மைக்கில் இருமிப் பார்த்தேன். வேப்பமரத்தில் கட்டிய குழாயிலிருந்து என் இருமல் மட்டும் சுத்தமாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பொங்கல் முடிந்ததும் சேதி சொல்லக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என் தறிக்குழியில் அவள் இறங்கி உட்கார்ந்திருந்தாள். நான் பாதியில் விட்ட சேலை முந்தியை எட்டியிருந்தது. முந்தின நாள் எங்களை அனுப்பிவிட்டு அப்போதே இறங்கியிருக்கிறாள்.

"ஏந் தங்கச்சி, செட்டு இரைஞ்சுச்சா இல்லையான்னு தெரியாமயே எறங்கிட்டியா?" என்றான் கூட்டாளி.

அவள் ஊடைநூல் ஓட்டும் நாடாவை எறிந்தபடியே கேட்டாள். "பின்னுனது யாருண்ணே?"