டெர்மினலைத் திறந்ததும் ஓடும் மோட்டார்

அந்தக் கருவியோடு பேச எனக்கு ஒரே வழிதான் இருந்தது. நிரல் எழுதும் மென்பொருளின் அடியில் கறுப்பாக ஒரு கட்டம் திறக்கும். சீரியல் டெர்மினல் என்பார்கள். லேப்டாப்பையும் கருவியையும் ஒரு கேபிளால் இணைத்தால், தொட்டி நிரம்பியது, மோட்டார் நின்றது என்று கருவி செய்வதெல்லாம் வரிவரியாக அதில் வந்து விழும்.

தண்ணீர் மோட்டாரைத் தானே ஓட்டி நிறுத்தும் கருவி அது. தில்லியில் ஒரு சின்னக் கம்பெனியில் அதைச் செய்துகொண்டிருந்தோம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவெடுக்கும் நேரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நெல் மண்டியில் மூட்டை தூக்கும் அப்பா போனில் வேறெதுவும் கேட்க மாட்டார்.

"ஆயிடுச்சாடா?"

"பாக்கறாங்கப்பா."

"என்னாத்த பாக்கறாங்க? பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ நாளு பாக்க மாட்டான்."

மோதி பாக்கில் அரசுக் குடியிருப்பின் பம்ப் அறை ஒன்றில் முதல் கருவியைச் சோதனைக்கு வைத்திருந்தோம். அது அடிக்கடி நின்றுபோகும். பம்ப்காரர் போன் செய்வார், முனிர்கா அறையிலிருந்து பஸ் பிடித்து நான் ஓடுவேன். கேபிளைச் செருகி டெர்மினலைத் திறந்தால் வரிகள் ஒழுங்காக வரும், மோட்டாரும் ஓடும். குறை ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்தாலே பம்ப்காரர், "ஆயியே டாக்டர் சாப்!" என்று வரவேற்பார். நான் நாடி பிடித்ததுமே நோயாளி எழுந்துவிடுகிறானாம்.

அந்த நிரலை எழுதியவர் என் சீனியர். லோதி ரோடில் பிறந்து வளர்ந்த தமிழர், அப்பா பெரிய அதிகாரியாக இருந்தவர். "அரே யார், ஓடற மோட்டாரைப் பாக்க எதுக்குடா வாரா வாரம் போற? வோல்டேஜ் கம்மியாயிருக்கும், சோடோ, விட்டுத்தள்ளு," என்பார். மேனேஜர் காதில் விழும்படி சொல்வார்.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் மேசையில் மூடி கழற்றிய இன்னொரு கருவி இருந்தது. அதன் பச்சை விளக்கு எப்போதும் சிமிட்டிக்கொண்டிருக்கும். அன்று அசையாமல் நின்றிருந்தது. அவசரமாக டெர்மினலைத் திறந்தேன். விளக்கு ஒரு கணம் அணைந்து, மறுபடி சிமிட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் புரிந்தது. திறக்கும்போதே கருவியை முதலிலிருந்து கிளப்பிவிடுகிறது இந்த டெர்மினல். அமைப்புகளில் அதற்கென்று ஒரு டிக் உண்டு. நிரல் எழுதும்போது வசதி என்பதால் யாரும் அதை எடுப்பதில்லை. பம்ப் அறையில் இத்தனை நாளும் செத்துக் கிடந்ததை நானே எழுப்பிவிட்டு, அப்புறம் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறேன்.

டிக்கை எடுத்துவிட்டு டெர்மினலைத் திறந்தே வைத்திருந்தேன். மறுநாள் கருவி மறுபடி நின்றது. கடைசியாக வந்த வரியைப் பார்த்ததும் எங்கே சிக்குகிறது என்று புரிந்துவிட்டது. சீனியரிடம் ஓடினேன். எங்கே என்று சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"அது பழைய போர்டுடா. ஃபீல்டுல நிக்கறதைக் காட்டு, மானூங்கா," என்றார். ஒப்புக்கொள்கிறாராம்.

பம்ப்காரரிடமிருந்து அடுத்த போன் வந்தபோது சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். பம்ப் அறையில் டிக் இல்லாமல் டெர்மினலைத் திறந்தேன். கட்டம் காலியாகவே இருந்தது. வீடியோவில் சீனியரை அழைத்தேன். பக்கத்தில் மேனேஜரும் இருந்தார்.

"பாருங்க சார், ஒரு வரிகூட வரல. நின்னு கெடக்கு."

"காலி ஸ்கிரீனைக் காட்டி ப்ரூஃப்ங்கறியே! கேபிள் லூசாயிருக்கும்."

"இல்ல சார், நல்லா செருகியிருக்கேன்."

"அப்ப டிக்கைப் போட்டுத் திற. வருதா பாப்போம்."

போட்டால் எழுந்துவிடும். போடாவிட்டால் என் கையில் இருப்பது வெறும் கறுப்புக் கட்டம். கருவியின் பெட்டியைத் திறந்து விளக்கைக் காட்டலாம் என்றால் சீல் வைத்திருந்தார்கள். வாசலில் இரண்டு வாளியோடு ஓர் அம்மா, தண்ணீர் எப்போது வரும் என்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். பம்ப்காரர் என்னையே பார்த்தார்.

டிக்கைப் போட்டுத் திறந்தேன். வரிகள் மளமளவென்று வந்தன. மோட்டார் உறுமியது.

"லோ, ஓடறதே!" என்றார் சீனியர். மேனேஜர் சிரிப்பதும் கேட்டது.

அந்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஓடுகிற கருவியில் குறை தேடும் ஆள் கம்பெனிக்குத் தேவையில்லை என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிப்டுக்குக் காத்திருந்தபோது சீனியர் பின்னாலேயே வந்தார்.

"சுனோ, கோச்சுக்காத. அது எந்த எடத்துல நிக்கறது? பாத்தியோ?"

"தொட்டி அளவைக் கேட்டுட்டு பதிலுக்காக நிக்குது சார். பதில் வரலன்னா அப்படியே நின்னுடும். அதுக்கு ஒரு நேரக்கெடு வைக்கணும்."

"அச்சா," என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. கேட்டதும் சொன்னேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.