கொட்டாங்குச்சி ஆமை

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை நடந்தது இது. பூதலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடு. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மருமகள் தஞ்சாவூரில் நர்ஸ். பகலில் நானும் ஐந்து வயதுப் பேத்தியும்தான். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு எதிலும் பிடிப்பில்லை. முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

மருமகள் குழந்தைக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். சனிக்கிழமைதோறும் ஒரு படக்கதைப் புத்தகம். படித்து முடித்ததும் கதையில் வந்த ஏதாவது ஒன்றை இலை, விதை, மண் என்று கிடைத்ததை வைத்துச் செய்ய வேண்டும். புளியங்கொட்டை எறும்பு, பூவரச இலை மீன் என்று ஜன்னல் விளிம்பெல்லாம் நிறைந்திருந்தது. அவளுக்கு டியூட்டி இருக்கும் சனிக்கிழமைகளில் அந்த வேலை என்னிடம் வரும். வெளியே சொன்னதில்லை, எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது.

அன்று ஆமைக் கதை. ஊரெல்லாம் தண்ணீர் தேடி நடக்கும் ஆமை கடைசிப் பக்கத்தில் ஒரு குளத்தைக் கண்டுபிடிக்கும்.

"கொட்டாங்குச்சியச் சுரண்டி வச்சிருக்கேன் மாமா, அதான் ஓடு. தலைக்கும் காலுக்கும் கொல்லை மண்ணக் கொஞ்சம் குழைச்சுக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு மருமகள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சீக்கிரம் முடிக்கலாம் என்று நடுவில் சில பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தேன். "தாத்தா, நரி வர்றத விட்டுட்டீங்க" என்றாள் பேத்தி. திரும்பிப் போய் நரியையும் படித்தேன். அதற்குள் அலுத்துவிட்டது.

கொல்லை மண் இறுகிக் கிடந்தது. வெட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைக்க வேண்டும். கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். அந்த வருஷம் தண்ணீர் குறைவு என்பதால் ஒரு வாரம் எங்கள் வாய்க்காலுக்கு, மறுவாரம் அடுத்த வாய்க்காலுக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை தொடங்குவது அடுத்த புதன்கிழமைதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் நின்றுபோன வாய்க்காலில் களிமண் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

"பாப்பா, வாய்க்கால்ல இறங்கி இதுல கொஞ்சம் களி அள்ளிட்டு வா. தண்ணி இல்ல, பயப்படாத" என்று கொட்டாங்குச்சியைக் கையில் கொடுத்தேன். ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

முதல் நாள் சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். தலைவலி என்று நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். நாற்று வாடுவதால் எங்கள் முறையை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதுதான் அந்த அறிவிப்பு.

வறண்ட வாய்க்காலில் புதுத்தண்ணீர் சருகை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தையின் ஞாபகம் வந்தது.

செருப்பில்லாமல் ஓடினேன். வாய்க்காலின் நடுவில் நின்றிருந்தாள். இரண்டு காலும் சேற்றில் புதைந்திருந்தன. நுரையும் சருகுமாகத் தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியிருந்தது. அழவில்லை. கொட்டாங்குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "தாத்தா, கால் வரல" என்றாள். இறங்கப் பார்த்தேன். முழங்கால் மடங்கிக் கரையிலேயே விழுந்தேன். கத்தினேன்.

மொபெட்டில் மீன் விற்றுக்கொண்டு வந்த அம்மா ஒருவர் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கினார். சேற்றிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

"தண்ணி வர்றது ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதாங்க ஐயா?"

அவர் இறக்கிவிட்ட குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வெள்ளைச் சட்டைல ஒரு சொட்டு சேறு இல்ல. புள்ளயப் பாருங்க, எரும மாதிரி நிக்குது" என்றார். பேத்தி சிரித்தாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டிக் கவுன் மாற்றினேன். சேறு பட்ட துணியை நானே அலசிப் போட்டேன். பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்றேன். தலையாட்டினாள். அவள் காப்பாற்றிய களியில் இருவருமாக ஆமை செய்தோம்.

சாயங்காலம் மருமகள் ஆமையைப் பார்த்து மகிழ்ந்துபோனாள். "மண்ணு அருமையா இருக்கே, எங்க எடுத்தீங்க?"

"கொல்லையில" என்றேன்.

பேத்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விளக்கேற்றிய பிறகு அம்மாவும் மகளும் அதே கதையைத் திரும்பப் படித்தார்கள். குளம் வரும் கடைசிப் பக்கம் வந்ததும் பேத்தி உள்ளங்கையால் படத்தை மூடினாள். "அது தண்ணிக்குப் போக வேணாம்மா."

"ஏன்டி, ஆமைக்குத் தண்ணிதானே வேணும்?"

குழந்தை வாயைத் திறந்தாள். என் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மருமகள் மறுபடி கேட்டாள். குழந்தை மறுபடியும் என்னையே பார்த்தாள். தண்ணீருக்கு நடுவில் நின்றபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னலைச் சாத்தியது, தூங்கியது, துணியை அலசியது, எதையும் விடவில்லை. மருமகள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சனிக்கிழமைக்கு நான் டியூட்டி மாத்திக்கறேன் மாமா" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை கூடத்தில் கதை நடக்கும்போது நான் என் அறையில் இருக்கிறேன். கூப்பிட்டால் போகிறேன், அதிகம் கூப்பிடுவதில்லை. அந்த ஆமையைப் பேத்தி என் மேஜையில் வைத்துவிட்டாள். களி காய்ந்து வெடித்து, ஒரு கால் உதிர்ந்துவிட்டது. குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். ஆனால் ஐந்து வயதில் என் பொய்யைச் சுமந்துகொண்டு அவள் வாய் மூடி உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களை நினைத்தால், மேஜைக்கு எதிரே உட்காரவே எனக்கு இன்றும் கூசுகிறது.