குறுக்கே முறிந்த எலும்பு

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்காரி என்பார்கள். நாற்பது வயதில் தபால் வழியில் பெண்ணியல் எம்.ஏ. சேர்ந்தவள், ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது தன் மேசைக்கு வந்த கைகளைத்தான். முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு குறுக்கே முறிந்து வரும் பெண்கள். கேட்டால், பாத்ரூமில் வழுக்கியது என்பார்கள். வழுக்குகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள், மணிக்கட்டு போகும். இந்த எலும்பு முறிவது பெரும்பாலும் தலைக்கு வந்த அடியைக் கையால் தடுக்கும்போது. சம்மதித்தவர்களிடம் மட்டும் பேசி எழுதினாள். ஒருத்திக்கு இரும்புக் குழாய், ஒருத்திக்கு ஸ்டூல்.

ஒரு மத்தியானம் அவளுடைய அண்ணன், கை வீங்கித் தொங்கிய அண்ணியைக் கூட்டிவந்தான். அப்பா போனபின் இவளைப் படிக்கவைத்தவன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா. சட்டுனு எடுத்து அனுப்பு."

அவனை வெளியே நிறுத்திப் படமெடுத்தாள். திரையில் புது முறிவு. பக்கத்திலேயே கோணலாக ஒட்டிய பழைய முறிவு.

"அண்ணி, எதால அடிச்சான்?"

"குக்கர் மூடி. போன தடவை இஸ்திரிப் பெட்டி."

"டாக்டர்கிட்ட சொல்லட்டுமா? நீங்க சரின்னாதான்."

"சொல்லு. இன்னும் ஒடைய என்ன மிச்சம் இருக்கு?"

கதவில் காது வைத்திருந்தவன் உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "உன்னைப் படிக்க வச்சது என் குடும்பத்தைக் கெடுக்கவாடி?" குளுக்கோஸ் மாட்டும் கம்பியைத் தூக்கி அண்ணியின் மண்டையைக் குறிவைத்து ஓங்கி இறக்கினான். எக்ஸ்ரேக்காரி குறுக்கே பாய்ந்து கையைத் தூக்கினாள். எத்தனையோ முறிவைப் படத்தில் பார்த்திருக்கிறாள். சத்தத்தைக் கேட்டது அன்றுதான். அடுத்த அடியில் நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அதற்கடுத்தது விழுமுன், அண்ணி நல்ல கையால் கதிர்வீச்சைத் தடுக்க அங்கே மாட்டியிருந்த கனத்த ஈய அங்கியை உருவி அவன் தலைமேல் வீசி, தோளால் இடித்துத் தள்ளினாள். மேசை விளிம்பில் வாய் மோதி, பற்கள் தெறிக்க விழுந்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் ஓடிவந்து அமுக்கிப் பிடித்தார்கள்.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. கையில் மாவுக்கட்டோடு கிடந்த எக்ஸ்ரேக்காரியின் கட்டிலருகே அம்மா வந்து, "கூடப் பொறந்தவனை உள்ள தள்ளிட்டு என்ன பட்டம் வேண்டிக்கெடக்கு?" என்றாள்.

"அடிச்சது அவன்மா."

"அவ வாயை மூடிட்டு இருந்திருந்தா?"

"இருந்தாளேம்மா. அந்தப் பழைய முறிவு அதுதான்."

அம்மா எழுந்து போய்விட்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியை போனில் தயங்கினார். "உங்க கை எக்ஸ்ரேயையே ஆய்வேட்டுல சேர்த்தா, நடுநிலை எங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம். பதில் சொல்றேன்."

கேட்டார்கள், சொன்னாள், தேறினாள். அண்ணன் ஜாமீனில் வந்து அம்மாவோடு இருக்கிறான். அம்மா இவளோடு பேசுவதில்லை. கதவுக் குமிழைத் திருகினால் கை இன்னும் வலிக்கிறது. அண்ணி இவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுவிட்டாள். பாத்ரூம் போனால் கதவைத் தாழிடாமல், பாடிக்கொண்டே குளிக்கிறாள்.