காடு என்று எழுதிய ஏக்கர்

வரி குறைந்துவிட்டது என்று என்னிடம் முறையிட வந்தவர் என் உத்தியோக காலம் முழுவதிலும் ஒருவர்தான். அறுபதுகளின் தொடக்கம். மல்லாவிப் பக்கத்துக் கிராமச் சபையொன்றில் காணிகளைத் தரம் பிரித்து வரிக்கு மதிப்பிடுவது என் வேலை. ஆட்சேபனை கேட்கும் நாளில் எல்லாரும் தங்கள் வயலில் நெல்லே விளைவதில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். பளையிலிருந்து கணவரோடு வந்து குடியேறி, காய்ச்சலில் அவரைப் பறிகொடுத்த அந்த அக்கா மட்டும் வேறு கதை சொன்னார்.

“என்ர ஒரு ஏக்கரைக் காடெண்டு எழுதியிருக்கிறியள். அது வயல்.”

நான் பார்த்தபோது அங்கே கருகிய அடிக்கட்டைகள்தான் நின்றன. காட்டுக்கு வரியில்லை, நல்லதுதானே என்றேன். கணவர் போனபின் தானே வெட்டி எரித்துத் திருத்திய நிலம் அது என்றார். யாரும் செய்கை பண்ணாமல் வெறும் காடாகக் கிடப்பதால் அண்ணனுக்குப்பின் அது தனக்குரியது என்று கணவரின் தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். பதிவேட்டிலும் காடு என்று இருந்தால் அந்தப் பேச்சுக்கு நானே சாட்சி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தை மாதம் சைக்கிளில் போனேன். கட்டைகளுக்கிடையே நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. கதிரொன்றை உள்ளங்கையில் கசக்கினேன். பதர் மிகக் குறைவு. ஆனாலும் தனியாளாக நிற்கிறாரே என்று மூன்றாந்தரம் போட நினைத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என் பேனாவின் தயக்கத்தில் அதைக் கண்டுகொண்டார்.

“இரக்கப்பட்டுக் குறைக்காதேங்கோ. விளையிறதை எழுதுங்கோ.”

வரம்பில் நின்ற கணவரின் தம்பி சிரித்தார். “வருசா வருசம் கட்டவேணும் மச்சாள், விளங்குதோ?”

“விளங்கித்தான் கேக்கிறன்.”

இரண்டாந்தர வயல், பயிர் நெல், செய்கைக்காரர் இன்னார் என்று அங்கேயே எழுதி, தம்பிக்கும் கேட்கும்படி வாசித்தேன். பிறகு காணி யாருக்கு என்ற வழக்கு ஊர்த் தலைவரான விதானையாரிடம் போனது. அவர் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். அத்தோடு தம்பி ஓய்ந்தார்.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் மதிப்பிட்டேன். விளைச்சலைக் கண்ணால் காணாமல் ஒரு காணிக்கும் தரம் எழுதியதில்லை, எழுதியதற்காகத் தலைகுனிந்ததுமில்லை.

வயலென்று எழுதிய அந்த வருடம் வரி கட்ட முதல் நாளே அக்கா வந்துவிட்டார். பற்றுச்சீட்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஓரெழுத்துப் பிழைத்திருந்தது. திருத்தி எழுதிக் கொடுக்கும்வரை அவர் போகவில்லை.