சாட்சிக் கூண்டில் நான் சொல்லாத கதை

அழைப்பாணை கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று, "தங்கச்சி, நீங்க யார்ட பக்கம்?" என்று கேட்டார். அதைக் கேட்பது அவருடைய வேலையில்லை. ஆனால் சாய்ந்தமருதில் யாருக்கு எது வேலை, எது வேலையில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. "என்ட பக்கம்," என்றேன். அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, இது ஒரு பதிலா என்ற முகத்தோடு போனார்.

வழக்குப் போட்டவர் என் காக்கா, என் கூடப்பிறந்த ஒரே அண்ணன். எதிராளி, என்னைத் தலாக் சொல்லிவிட்டுப் போன என் முன்னாள் கணவர். சாட்சிக்கு அழைத்தது காக்காவின் சட்டத்தரணி. இரண்டு பேருக்கும் நடுவில் என் வாய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத் திறந்தால் வழக்கு முடிந்துவிடும் என்று ஊரே நம்பியது.

நடந்தது இதுதான். காக்காவின் படகு ஒலுவில் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. வாடைக் காற்று தொடங்கிய காலம். ஒரு நாள் விடிந்து பார்த்தால் படகு அலை தடுக்கும் கல்லணையில் மோதிப் பிளந்து கிடக்கிறது. அதற்கு முதல் நாள்தான், துறையில் பத்துப் பேர் பார்த்திருக்க, "இனி நீ என்ட படகில கால் வைக்காதே" என்று காக்கா என் கணவரைப் பார்த்துச் சொல்லியிருந்தார். மச்சானும் மச்சானும் ஒன்றாகத் தொழில் செய்த படகு அது. படகை அவிழ்த்து விட்டது அவன்தான் என்று காக்கா சொன்னார். உன்னுடைய கட்டு சரியில்லை, காற்றில் நெகிழ்ந்து போயிற்று என்று என் கணவர் சொன்னார். படகு கட்டியிருந்த கயிறு துறையிலும் இல்லை, படகிலும் இல்லை. கடலோடு போய்விட்டது என்றார்கள்.

அது நடந்து சில மாதங்களில் என் மணவாழ்க்கையும் முடிந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணத்தோடு உம்மாவும் வாப்பாவும் எனக்கு எழுதித் தந்த வீடு இது. தலாக் என்றால் இங்கே பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆண்தான். அவர் பையைத் தூக்கிக்கொண்டு மருதமுனையில் தன் தங்கை வீட்டுக்குப் போனார். நான் அபாயா தைக்கும் மெசினின் முன்னால் உட்கார்ந்தபடியே அவர் கேற்றைச் சாத்தும் சத்தத்தைக் கேட்டேன். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு விருப்பமும் இல்லை.

தலாக்குக்குப் பின் பெண் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்த மறுவாரம் காக்கா வந்தார். முன் ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெதுவாகத் தொடங்கினார்.

"அண்டைக்கு அவன் உன்னட்ட என்ன சொன்னவன்?"

"எண்டைக்கு?"

"படகு உடைஞ்ச அண்டைக்கு. ஒண்டும் சொல்லாமலா இருந்திருப்பான்? புருசன் பொஞ்சாதி கதைக்காம இருக்கிறதா?"

கதைத்தோம். அதை நான் மறுக்கவில்லை. படகைப் பற்றியும் கதைத்தோம். அதுதான் காக்காவுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கதிரை, அதே தேத்தண்ணி, அதே கேள்வி. இடையில் போனில் குரல் பதிவாகவும் அனுப்பினார். தாச்சியில் எண்ணெய் கொதிக்கும்போதுகூட "என்ன சொன்னவன்" வந்துகொண்டிருந்தது.

பிறகு பள்ளிவாசல் மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மரைக்கார் நல்ல மனிதர். ஊரில் எந்தப் பிணக்கு என்றாலும் கோட்டுக்கு வழக்காகப் போகுமுன் அவரிடம்தான் போவார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இஞ்ச பாரு புள்ள, இத்தா முடிஞ்சிட்டு. இனி அவன் உனக்கு அந்நிய ஆம்பிளை. அந்நிய ஆம்பிளைட கதைய நீ ஏன் பொத்தி வைக்கணும்?"

இந்தக் கணக்கு எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். இத்தா முடிந்ததும் தலாக் சொன்னவர் முன்னால் நான் முகம் காட்டக் கூடாது என்பது சரி. அதனால் அவர் முன்பு சொன்ன சொல்லும் அந்நியச் சொல் ஆகிவிடுமாம். சொல்லுக்கும் தலாக் விழுந்துவிடுமாம்.

"மரைக்கார்," என்றேன் திரைக்குப் பின்னால் நின்று, "அவரு அதச் சொல்லக்குள்ள அந்நிய ஆம்பிளையா இரிக்கல்ல."

மரைக்கார் காக்காவைப் பார்த்தார். காக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"உன்ன நடுத் தெருவில விட்டுட்டுப் போனவன் நம்பிச் சொன்னதையா நீ அமானிதமாக் காக்கிறாய்?"

"நடுத் தெருவில இல்ல காக்கா, என்ட வீட்டிலதான் விட்டுட்டுப் போனவரு."

அன்றைக்கு எழும்பிப் போகும்போது காக்கா சொன்னார், கோட்டிலும் நீ வாயைத் திறக்காவிட்டால் இந்த வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன் என்று. வாப்பா மௌத்தானபின் எனக்கு இருந்த ஒரே ஆண் துணை அவர்தான். சொன்னால் செய்கிற மனிதர். அன்று நான் அழுதேன். அதை இங்கே ஒளிக்க மாட்டேன்.

ஆனாலும் சொல்ல மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை, ஆகையால் இப்போது சொல்கிறேன். அந்தக் காலையில் அவர் பேசிய பேச்சில் படகு ஒரு வாக்கியம்தான். மிச்சம் எல்லாம் நான். என்னைப் பற்றி, எங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி, தான் ஏன் இப்படி ஆனேன் என்பதைப் பற்றி. ஒரு மனிதன் தன் மனைவியிடம் மட்டும் சொல்லக்கூடியவை. அந்த ஒரு வாக்கியத்தை நான் கூண்டில் எடுத்து வைத்தால், மற்றச் சட்டத்தரணி மீதியையும் ஒவ்வொன்றாக இழுப்பார். கல்முனைக் கோட்டில் வாங்குகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை ஆண்களும் கேட்பார்கள். அந்தி மகரிபுத் தொழுகைக்கு முன் மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை போய்விடும். என் படுக்கையறையைத் திறந்து காட்டித்தான் காக்காவின் படகுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால், அப்படி ஒரு நியாயத்துக்கு என்னிடம் சாவி இல்லை.

வழக்கு நாளன்று காலையில் துணி காயப்போட்டுவிட்டு, கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். காக்கா தன் மோட்டார் சைக்கிளில் போனார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். காக்காவின் சட்டத்தரணி நேரே விசயத்துக்கு வந்தார்.

"படகு உடைந்த அன்று காலை எதிராளி உங்களிடம் என்ன சொன்னார்?"

நான் வாயைத் திறக்குமுன் எதிராளியின் சட்டத்தரணி எழும்பிவிட்டார். மணவாழ்க்கையின்போது கணவன் மனைவியிடம் சொன்னதை, சொன்னவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடச் சாட்சிக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்காது என்றார். காக்காவின் சட்டத்தரணி விடவில்லை. இவர்கள் இப்போது கணவன் மனைவி இல்லையே, காதி நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்துவிட்டதே என்றார். நீதிபதி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்போது இல்லை. சொல்லப்பட்டபோது கணவன் மனைவிதானே," என்றார்.

நான் மரைக்காரிடம் சொன்னதும் அதைத்தானே. சட்டம் என் பக்கம் வந்து நின்றதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஏனென்றால் நீதிபதி அடுத்ததாகத் திரும்பி எதிராளியைப் பார்த்து, "அவர் அதைச் சொல்வதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டார். கேட்ட காது என்னுடையது. சொல்லப்பட்ட அறை என்னுடையது, வீடு என்னுடையது. அத்தனை நாளும் காக்காவிடமும் மரைக்காரிடமும் சண்டை பிடித்து அதைக் காத்தவள் நான். பூட்டின் திறப்பு மட்டும் அவர் கையிலாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"அவரு ஓம் எண்டாலும் நான் சொல்ல மாட்டன்," என்றேன்.

வாங்குகளில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அம்மா, அவர் சம்மதித்தால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். அது சட்டம்," என்றார் பொறுமையாக.

"அப்ப மறியலுக்குப் போறன், சிறையில கிடக்கிறன்."

எதிராளி எழும்பி, சம்மதமில்லை என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நன்றி சொல்கிற சிரிப்பு. இவள் இன்னும் என்னுடையவள்தான் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டாத வேலை.

காக்காவின் சட்டத்தரணி சலித்துப்போய் உட்கார்ந்தார். காக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் இறங்கப் போனேன். அப்போது நீதிபதி கையைக் காட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்கள். சொன்னதை விடுங்கள், அதை நான் கேட்கவில்லை. அன்று காலை நீங்கள் கண்ணால் கண்டது ஏதாவது இருக்கிறதா? கண்டதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை."

கண்டதற்குப் பாதுகாப்பு இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. மணவாழ்க்கைக்குள் நடந்தது முழுவதும் ஒரே பெட்டி, ஒரே பூட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. அதுவரை ஒருவர்கூட அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. காக்கா கேட்கவில்லை, மரைக்கார் கேட்கவில்லை, இரண்டு சட்டத்தரணிகளும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவன் என்ன சொன்னான் என்பதுதான் வேண்டும். பெண் என்றால் கேட்டதைக் காவிக்கொண்டு திரிகிறவள், அவளுக்குக் கண் எதற்கு?

அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். கண்டதைச் சொன்னேன்.

"சுபஹு தொழுதிட்டு ஆக்கள் பள்ளியால வாற நேரம் அவரு வீட்டுக்கு வந்தவரு. அண்டைக்கு மழை இல்ல. உடுத்திருந்த சாறன் இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தது. கையில நீலக் கயிறு ஒண்டு இருந்தது. ரெண்டு தலைப்பிலயும் சிவப்புச் சீலை வைச்சுத் தைச்சது. அறுந்த கயிறு இல்ல, முழுக்கயிறு."

"அது யாருடைய கயிறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துறையில எல்லாக் கயிறும் நீலம். அடையாளம் தெரியட்டும் எண்டு காக்காட படகுக் கயிறுக்குத் தைச்சுக் குடுத்தது நான்தான்."

"இப்போது அந்தக் கயிறு எங்கே?"

"என்ட கிணத்தடியில. அவருதான் அதைக் கொடியாக் கட்டினவரு. இண்டைக்குக் காலையிலயும் அதிலதான் உடுப்புக் காயப்போட்டுட்டு வந்தனான்."

காக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். எத்தனை வாரம் முன் ஹோலில் இருந்து "என்ன சொன்னவன்" என்று கேட்டார்! அவர் கயிறு சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்களின் உடுப்புக் காயும் கிணற்றடிக்கு எங்கள் ஆண்கள் போகமாட்டார்கள், தங்கையின் வீடு என்றாலும் போகமாட்டார்கள். அதை நம்பித்தான் என் முன்னாள் கணவர் அங்கே கட்டினார். போகும்போது அதை விட்டுவிட்டுப் போனது மறதியா, என்னைப் பற்றிய நம்பிக்கையா என்று எனக்குத் தெரியாது. எதிராளியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

கோட்டிலிருந்து ஆட்கள் வந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வழக்கு காக்காவின் பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் என் வாசலை மிதித்தார். புதுக் கொடிக் கயிறு ஒன்று வாங்கி வந்திருந்தார். அதைக் கட்ட முதன்முறையாகக் கிணற்றடிக்கும் வந்தார். கட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கோவிக்காத புள்ள. இனி வழக்கும் இல்ல, ஒண்டும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. அண்டைக்கு அவன் உன்னட்ட என்ன சொன்னவன்?"

"உங்கட கயிற நீங்க எடுத்திட்டீங்க காக்கா," என்றேன். "கதை என்ட. அது இஞ்சதான் இருக்கும்."

ஈரத் துணியை உதறிப் புதுக் கொடியில் போட்டேன்.