சித்தி மொட்டை அடித்துக்கொண்ட சனிக்கிழமை

என் சித்தி துறவியாவதற்குக் குடும்பத்தின் சார்பில் சம்மதம் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. இலங்கையில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், முகாமிலிருந்து வெளியே வந்து, யார் யாரையோ பிடித்து, இங்கிலிஷ் ஊரான ஹரோவில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். அதுவரை இஸ்திரிப் பலகையும் குளிர்கால ஜாக்கெட்டுகளும் குடியிருந்த அறை அது. வந்த அன்றே அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் உத்தரவு போட்டார்: சித்தியிடம் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது. எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அதைச் சுலபமாகக் கடைப்பிடித்தேன்.

விசா கிடைத்ததும் சித்திக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியக் கிழவி இருந்தார். வெள்ளைக்காரரைக் கட்டி வந்து, அவரையும் புதைத்துவிட்டுத் தனித்துப்போனவர். அவரைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் சித்தியின் பொறுப்பு. இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. ஆனாலும் அந்த அரைகுறை இங்கிலிஷிலேயே கிழவி ஒரு முழுக்கதையைச் சொல்லி முடித்திருந்தார். சித்தி அதைக் காலையில் எனக்குத் தலை பின்னும்போது சொல்வார்.

எழுநூறு வருஷத்துக்கு முன் ஜப்பான் அரண்மனையில் இருந்த ஒரு பெண்ணின் கதை. பதினாலு வயதில் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அரசனிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்த கையோடு அதை வேறு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பேந்து?" என்று கேட்பேன்.

"பேந்து அரண்மனையால துரத்திப்போட்டினம். அவ மொட்டை அடிச்சுக்கொண்டு நடக்கத் தொடங்கினா."

"எங்க?"

"எல்லா இடமும். அரண்மனையில இருக்கேக்க வாசலைத் தாண்ட ஏலாது. மொட்டைத் தலையைக் கண்ட பிறகு ஒருத்தரும் மறிக்கேல்லை."

"பிள்ளையைக் கண்டவவோ?"

இந்த இடத்தில் சித்தி பின்னலை இறுக்கிவிடுவார். எனக்கு வலிக்கும். கதை அத்தோடு முடிந்துவிடும்.

கிழவியைப் பார்க்க மாதம் ஒரு தடவை ஒரு ஜப்பானியப் பிக்குணி வருவார். சித்தி தன் லீவு நாட்களில் அவருடைய ஆச்சிரமத்துக்குப் போய்வரத் தொடங்கினார். வீட்டில் அதை ஓவர்டைம் என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் முறை சித்தியுடையது. நாங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போனோம். அன்று எனக்குத் திருக்குறள் ஒப்புவிக்க வேண்டியிருந்ததால் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆச்சிரமம் என்பது வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறையில் ஒரு புத்தர் இருந்தார். பிக்குணி என்னிடம் குனிந்து, உங்கள் குடும்பத்துக்கு இதில் சம்மதமா என்று இங்கிலிஷில் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார். மேசையில் ஒரு தட்டு இனிப்பு இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு எனக்குத்தான் அது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நான் சம்மதம் என்றேன்.

சித்தியின் தலைமுடி இடுப்பைத் தாண்டும். அது விழ விழ நான் எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அழவில்லை. அவருடைய வலது காதுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் கண்டேன். இனிப்பு பயறு உருண்டை மாதிரித்தான் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, சித்தியின் மொட்டைத் தலையையும் பிக்குணி அங்கியையும் கண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் தம்பி சண்டையின் கடைசி மாதங்களில் ஆமியின் ஷெல் விழுந்து செத்தவர். அவருடைய படம் சுவாமி அறையில் மாலையோடு இருந்தது.

"என்ர தம்பியைக் கொன்றவங்களின்ர உடுப்போட என்ர வீட்டுக்கை நிக்கிறியோ?"

"அத்தான், இது அவையின்ர மட்டும் இல்லை."

"அந்த உடுப்பைக் கண்டா ஆமிக்காரன் கும்பிடுவான். தெரியுமோ உனக்கு?"

"ஓம் அத்தான். தெரியும்."

அப்பாவின் கை ஓங்கியது. அம்மா குறுக்கே விழுந்தார். பிறகு அப்பா கதிரையில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பிள்ளையைப்போல் சத்தம் போட்டு அழுதார். நாளை விடிந்ததும் சித்தி போய்விட வேண்டும், இனி இந்தப் படி ஏறக் கூடாது என்று சொன்னார். நான் சம்மதம் சொன்ன விஷயத்தைச் சித்தி கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

சித்திக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது இருபது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. என்னைவிட மூன்று மாதம் இளையவள். சண்டையின் கடைசிக் கிழமையில் காலில் காயப்பட்ட அவளை, காயக்காரரை ஏற்றிய ஒரு வாகனத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் இருத்திச் சித்தி அனுப்பியிருக்கிறார். அந்த வாகனம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் பிள்ளை செத்துவிட்டாள் என்றே நம்பினார்கள். வெம்பிளியில் ஒரு ஐயரைப் பிடித்து, சித்திக்குத் தெரியாமல் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியும் செய்துவிட்டார்கள்.

மொட்டை அடித்துக்கொண்ட அடுத்த வருஷமே சித்தி இலங்கைக்குத் திரும்பிப் போனார். ஒன்பது வருஷம் நடந்தார். தமிழ்ப் பெண்ணாக நுழைய முடியாத முகாம்களுக்குள்ளும், சிங்கள ஊர்களின் அநாதை இல்லங்களுக்குள்ளும் மொட்டைத் தலையோடு போனார். ஆமிக்காரர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். மகள் கிடைக்கவில்லை. ஒரு மலைநாட்டு ஊரில் காய்ச்சலில் செத்துப்போனார். செய்தி வந்த அன்று அப்பா தானாகவே டிக்கெட் போட்டுப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தார். அங்கே என்ன கண்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை.

ஆனால் அந்த ஞாயிறு காலை இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எல்லோரும் எழும்ப முன் சித்தி என்னைக் குசினிக்கு, அடுப்படிப் பக்கம், கூட்டிப்போனார். கதவோடு நிமிர்ந்து நிற்கச் சொன்னார். என் உச்சியில் உள்ளங்கையை வைத்து, அதை அப்படியே தன் நெஞ்சுக்குக் கொண்டுபோய், அங்கியில் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டார். ஒரு பழைய கவுன்சில் கடிதத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் என் காலை வைக்கச் சொல்லி, சுற்றிக் கோடு கீறினார்.

"வாயைத் திறவுங்கோ குஞ்சு. எத்தினை பல்லு விழுந்திட்டுது?"

நான் பெருமையாக வாயைத் திறந்து காட்டினேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கடிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பின்கதவால் போய்விட்டார்.

என் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. சப்பாத்து வாங்கத்தான் அளவெடுத்தார் என்று நினைத்தேன். நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே என்ற கவலையில் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். சித்தி தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தார். "சிவப்பு, சித்தி, சிவப்பு!" என்று கத்தினேன்.